பழைய மளிகைக்கடைக் கறிக்கட்டை: அமெரிக்காவில் தேடி வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலுக்குத் தயாராக்குவது எப்படி?

மிச்சிகன், ஒஹாயோ, இந்தியானா பக்கத்துச் சிற்றூர்களில் பழைய மளிகைக்கடைகளின் பின்பகுதியில் இறைச்சிப் பிரிவு ஒன்று இருக்கும். கடை மூடப்படும்போதோ கட்டடம் கைமாறும்போதோ அங்கிருந்து வெளியே வருவதுதான் இந்தக் கறிக்கட்டை. கனத்த மேப்பிள் துண்டுகளை நிறுத்திவைத்து ஒட்டி, நான்கு கடைசல் கால்களின் மேல் ஏற்றிய பெரும் கட்டை. நம்மூர்க் கறிக்கடைகளில் புளியங்கட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைக் கண்டதும் கை ஊறும். எனக்கும் ஊறியது.

வாங்கிய பிறகுதான் இதைப் பற்றி முழுமையாகச் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை என்று தெரிந்தது. விற்பவருக்கு விலை தெரியும், லாரிக்காரருக்கு எடை தெரியும், மரவேலைக்காரருக்கு மரம் தெரியும். மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் வாங்குபவர்தான். கட்டையின் விலையைவிட அதன் எடையும் அதற்குள் இருக்கும் ஈரமும்தான் உங்கள் பணத்தையும் காலத்தையும் தின்னும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

1. எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, அதன் மேல் உணவை வைத்து வெட்டப் போகிறீர்கள். மற்றது, அறையில் மேசையாக நிறுத்தப் போகிறீர்கள். மேசைக்கு என்றால் ஏறக்குறைய எந்தக் கட்டையும் சரி. உணவுக்கு என்றால் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதியை நீங்கள் கழித்துவிட வேண்டியிருக்கும். பாதி வழியில் மனம் மாறினால் செலவு இரட்டிப்பாகும்.

வீட்டில் சைவம் சாப்பிடுபவர்கள் இருந்தால் வாங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பல ஆண்டுகள் இறைச்சி வெட்டிய மரம் இது. எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் பழைமை போகாது என்று ஒருவர் நினைத்தால் அந்த எண்ணத்தை மதிக்க வேண்டும். 180 கிலோ கட்டையைச் சமையலறையில் நிறுத்திய பிறகு நடத்தும் பேச்சு அல்ல அது.

2. வீட்டை அளந்துகொள்ளுங்கள்

பெரிய கட்டைகள் 30 அங்குலத்துக்கு 30 அங்குலம், கனம் 16 அங்குலம் வரை இருக்கும். சிறியவை 24க்கு 24, கனம் 12 அங்குலம் அளவில் கிடைக்கும். உங்கள் வாசல் கதவு 36 அங்குலம் இருக்கலாம். உள்கதவுகள் பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம்தான். கட்டையைப் பக்கவாட்டில் சாய்த்துக் கனத்தின் பக்கமாக நுழைக்க முடியும். அதற்குக் கால்கள் கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும்.

எடையைக் கணக்கிட எளிய வழி உண்டு. நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 39ஆல் வகுத்தால் மேப்பிள் கட்டையின் எடை ஏறக்குறையப் பவுண்டில் கிடைக்கும். பெரிய கட்டை 370 பவுண்டு வரும். கால்களையும் சேர்த்தால் 400 பவுண்டைத் தொடும். சிறியது 180 பவுண்டுக்குப் பக்கத்தில்.

அமெரிக்க வீடுகளின் மரத்தளங்கள் பொதுவாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. அது தளம் முழுவதும் பரவிய சுமைக்கான கணக்கு. ஒரு கட்டை அந்த எண்ணைத் தாண்டினாலும் உடனே ஆபத்து என்று அர்த்தமல்ல. ஆனால் அறையின் நடுவில் வைக்காமல், சுமை தாங்கும் சுவரை ஒட்டி, அடியில் ஓடும் உத்தரங்கள் பலவற்றின் மேல் கால்கள் நிற்கும்படி வைப்பது நல்லது. வீடு பழையது என்றால், அல்லது நடக்கும்போதே தளம் அசைகிறது என்றால், கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் நிர்வாக அலுவலகத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். லிஃப்டின் எடை வரம்பு என்ன? சாமான் கொண்டுவரும் நிறுவனம் காப்பீட்டுச் சான்றிதழ் தர வேண்டுமா? பல இடங்களில் அந்தச் சான்றிதழ் முன்கூட்டியே கைக்கு வராமல் ஆட்களை உள்ளே விடமாட்டார்கள்.

3. தேடும் இடமும் காலமும்

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கிரெய்க்ஸ்லிஸ்ட், எஸ்டேட் சேல் (ஒரு வீட்டின் சாமான்களை மொத்தமாக விற்றுத் தீர்க்கும் விற்பனை) அறிவிப்புகள், உள்ளூர் ஏலங்கள், பழம்பொருள் கடைகள். ‘புட்சர் பிளாக்’ என்று மட்டும் தேடினால் மெல்லிய சமையல்மேடைப் பலகைகள்தான் வந்து குவியும். அதோடு ‘ஆன்டிக்’, ‘குரோசரி ஸ்டோர்’, ‘மேப்பிள்’ ஆகிய சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

எஸ்டேட் சேல் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் நடக்கும். கடைசி நாளில் பாதி விலைக்குத் தருவது வழக்கம். தூக்க ஆள் வேண்டிய பொருளை முதல் நாளில் எடுப்பவர்கள் குறைவு என்பதால் கடைசி நாள் வரை காத்திருப்பது இந்தப் பொருளுக்குப் பல நேரம் பலிக்கும்.

வாங்குவதற்கு ஏற்ற காலம் வசந்தத்தின் முடிவு. களஞ்சியத்திலோ நிலவறையிலோ கிடந்த கட்டை, வீட்டில் ஹீட்டர் ஓடத் தொடங்குவதற்குள் மெதுவாக உலரக் கோடை முழுவதும் கிடைக்கும். டிசம்பரில் வாங்கி நேரே சூடான சமையலறைக்குக் கொண்டுவந்தால் கட்டை வெடிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

4. நேரில் பார்க்கும்போது

படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். டார்ச், இரும்பு அளவுகோல், கூரான ஊசி, ஈரம் காட்டும் கருவி ஆகியவற்றோடு நேரில் போங்கள். ஈரமானி 30 டாலர் அளவில் கிடைக்கும்.

முதலில் முகர்ந்து பாருங்கள். பழைய கொழுப்பின் காறல் வாடை வந்தால் சரிசெய்ய முடியும். என்ஜின் ஆயில், பெயின்ட் தின்னர், பூச்சிமருந்து வாடை வந்தால் உணவுக்கு வேண்டவே வேண்டாம். கடை மூடிய பிறகு இத்தகைய கட்டைகள் பல, கராஜுகளில் வேலைமேசையாகக் கிடந்தவை. நிறுத்திவைத்த மரத்துண்டுகளின் நார்க்குழாய்கள் மேல்நோக்கித் திறந்திருப்பதால் மேலே சிந்தியது ஆழமாக இறங்கியிருக்கும். மேற்பரப்பைத் தேய்த்து எடுத்தாலும் அது போகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே அழகான கட்டை ஒன்றை நான் விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்து, மேற்பரப்பின் பள்ளம். உண்மையான கடைக்கட்டையில் இறைச்சிக்காரர் நின்ற பக்கம் அதிகமாகத் தேய்ந்திருக்கும். கத்தி மட்டுமல்ல, நாள்தோறும் எஃகுக் கம்பித் தூரிகையால் சுரண்டிச் சுத்தம் செய்ததும் அந்தப் பள்ளத்துக்குக் காரணம். பள்ளம் நான்கு பக்கமும் ஒரே அளவாக, வழவழப்பாக இருந்தால் இயந்திரத்தால் செய்த புதுப்பொருளாக இருக்கலாம். அடியில் குனிந்து பாருங்கள். பழைய மரம் காற்றுப்பட்டுக் கறுத்திருக்கும், திருகாணிகளில் துரு இருக்கும். அடிப்பகுதி மேற்பகுதியைப் போலவே சீரான பழுப்புச் சாயத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

தயாரிப்பாளர் பெயர் சில கட்டைகளில் இருக்கும். மிச்சிகனின் பெட்டோஸ்கியில் இயங்கிய மிச்சிகன் மேப்பிள் பிளாக், இலினாயின் எஃபிங்கமில் உள்ள ஜான் பூஸ் ஆகியவை பேர்பெற்ற பெயர்கள். பெயர் இருந்தால் விலை ஏறும். பெயர் இல்லாவிட்டால் கட்டை தாழ்ந்தது என்று பொருளில்லை.

விரிசல்களை அளவுகோலால் ஆழம் பாருங்கள். மயிரிழை விரிசல்கள் இயல்பு. மேலிருந்து கீழ்வரை ஒளி தெரியும்படி துண்டுகள் பிரிந்திருந்தால் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பல கட்டைகளைக் குறுக்கே இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கும். பக்கவாட்டில் மரத்தக்கைகளால் மூடிய துளைகள் அதற்கு அடையாளம். அந்தக் கம்பிகளின் மரைகள் பழுதில்லாமல் இருந்தால் மறுபடி இறுக்கலாம்.

பூச்சித் துளைகளை விடாமல் தேடுங்கள். குண்டூசித் தலை அளவு துளைகளும், தட்டினால் மாவுபோல் உதிரும் தூளும் இருந்தால் உள்ளே வண்டுப்புழு உயிரோடு இருக்கலாம். பழைய துளைகள் மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் அச்சம் குறைவு. ஆனாலும் வாங்கிய பின் சில வாரம் அடியில் வெள்ளைத்தாள் விரித்து வைத்துப் பாருங்கள். உயிருள்ள பூச்சியைக் கொல்ல மரத்தின் நடுப்பகுதி வரை சூடேற்ற வேண்டும். 16 அங்குலக் கனத்தில் அது நீண்ட வேலை, கட்டையும் வெடிக்கக்கூடும். மாவு உதிர்கிறதா, திரும்பி வந்துவிடுங்கள்.

கால்களிலோ பக்கங்களிலோ பழைய பெயின்ட் இருந்தால் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான ஈயப் பெயின்ட் 1978இல் தடைசெய்யப்பட்டது. இந்தக் கட்டைகள் அதற்கு மிக முந்தியவை. வன்பொருள் கடையில் கிடைக்கும் சோதனைப் பெட்டியால் தடவிப் பாருங்கள். ஈயம் என்று காட்டினால் உப்புத்தாளை அதன் அருகில் கொண்டுபோகக்கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சலுகையே கிடையாது.

5. விலையும் ரசீதும்

நான் தேடிய காலத்தில் தனியாரிடம் 400 முதல் 1,200 டாலர் வரை சொன்னார்கள். பழம்பொருள் கடைகளில் 1,500க்கு மேல். வியாபாரியிடம் வாங்கினால் விற்பனை வரி சேரும். மிச்சிகனில் அது 6 சதவீதம். ஏலத்தில் கேட்ட விலையின் மேல் ‘வாங்குபவர் கட்டணம்’ என்று 15 முதல் 25 சதவீதம் வரை போடுவார்கள். 600 டாலருக்கு எடுத்துவிட்டோம் என்று மகிழும்போது, வரியும் சேர்ந்து பில் 750ஐத் தாண்டலாம்.

ரசீது கேட்டு வாங்குங்கள். தனியாரிடம் வாங்கினாலும் ஒரு தாளில் தேதி, கட்டையின் அளவு, கொடுத்த தொகை, எடுத்துச்செல்ல வேண்டிய கடைசி நாள், இருவர் கையொப்பம் இருக்கட்டும். அந்தக் கடைசி நாள் மிக முக்கியம். ஏல நிறுவனங்கள் சில நாள் மட்டுமே அவகாசம் தரும். தாண்டினால் வாடகை கேட்கும், அல்லது பொருளைக் கைவிட்டதாகக் கருதும். வேறொருவரை அனுப்பி எடுப்பதாக இருந்தால் பணம் கட்டிய பில்லோடு உங்கள் எழுத்துமூல அனுமதியும் அவர் கையில் வேண்டும். ஏற்றிவிட ஆள் தருவார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள்.

6. கொண்டுவருவது

இதில்தான் அதிகமானவர்கள் தடுமாறுகிறார்கள். அருகில் என்றால் வாடகை டிரக் போதும். ஓட்டுநர் உரிமம், கடன் அட்டை, மைல் கணக்கில் வாடகை, சேதப் பாதுகாப்புக் கட்டணம், எரிபொருள் எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 100 முதல் 150 டாலர் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் போடும் 20 டாலர் வெறும் தொடக்க விலை. மிகச் சிறிய 10 அடி டிரக்கில் சரிவுப்பலகை இருப்பதில்லை. அதற்கு அடுத்த அளவை எடுங்கள். சாமான் தூக்கும் ஆட்களைத் தனியாக இரண்டு மணி நேரத்துக்கு அமர்த்தினால் 200 டாலருக்கு மேல் ஆகும். நண்பர்களைக் கூப்பிட்டுத் தூக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கட்டை நழுவினால் முதலில் போவது கால்விரல்.

கால்களைக் கழற்றியதும் ஒவ்வொன்றும் எந்த மூலையைச் சேர்ந்தது என்று எண் எழுதி ஒட்டுங்கள். கட்டையைக் கம்பளியில் சுற்றி, நான்கு சக்கரத் தள்ளுபலகையில் ஏற்றி, டிரக்கின் முன்சுவரோடு சேர்த்துப் பட்டையால் கட்டுங்கள். நகரும் 400 பவுண்டு, பிரேக் போடும்போது நிற்காது.

தூரம் என்றால் பகிர்வுச் சரக்கு லாரி. எனக்குச் சொல்லப்பட்ட விலைகள் 300 முதல் 600 டாலர் வரை இருந்தன. வீட்டு முகவரி, லிஃப்ட்கேட் (லாரியின் பின்னால் சரக்கை இறக்கும் இயந்திரத்தட்டு) ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டணம் உண்டு. முன்பதிவின்போதே இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வாசலுக்கு லாரி வந்த பிறகு கேட்டால் விலை வேறு. அவர்கள் இறக்குவதும் தெருவோரம் வரைதான், வீட்டுக்குள் அல்ல.

ஆவணம் இங்கே உயிர்நாடி. சரக்குச் சீட்டில் எடையும் அளவும் சரியாக இருக்க வேண்டும். கட்டையை ஏற்றும் முன் தராசில் எடை காட்டும் படத்தை எடுத்துவையுங்கள். எனக்கு வந்த சரக்கு நிறுவனம் எடை கூடுதல் என்று பின்னால் ஒரு பில் அனுப்பியது. படத்தை அனுப்பியதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இறக்கியவுடன் கையொப்பம் கேட்பார்கள். உறையைப் பிரித்துப் பார்த்து, சேதம் இருந்தால் அதே தாளில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். மறைந்திருந்த சேதத்தைச் சொல்ல வழக்கமாக 5 வேலைநாள் அவகாசம். இன்னொரு பொறி: பழைய பொருள்களுக்குப் பல நிறுவனங்களின் பொறுப்பு பவுண்டுக்கு 10 சென்ட் அளவில்தான். 400 பவுண்டுக் கட்டை உடைந்தால் 40 டாலர் வரும். தனிக் காப்பீடு எடுங்கள்.

திறந்தவெளியில் கிடந்த கட்டையை மிச்சிகன் போன்ற மாநிலத்திலிருந்து வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மர இலைகளைத் தின்று அழிக்கும் ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி பரவிய பகுதியிலிருந்து பரவாத பகுதிக்கு வெளிப்புறப் பொருள்களைக் கொண்டுசெல்லும்போது, முட்டைத்திரள் இருக்கிறதா என்று சோதித்து, அதற்கான படிவத்தை வண்டியில் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய வேளாண் துறையின் விதி. நீங்களே சோதித்துக் கையொப்பமிடலாம், செலவில்லை.

7. கராஜில் ஓய்வு

நேரே சமையலறைக்கு வேண்டாம். ஹீட்டர் இல்லாத கராஜில், தரையிலிருந்து உயர்த்தி, துணியால் மூடி வையுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு ஈரத்தை உள்ளேயே அடைத்துப் பூஞ்சை வளர்க்கும். வாரம் ஒருமுறை ஈரமானியால் பார்த்து எழுதிவையுங்கள். அளவு இறங்குவது நின்ற பிறகு வீட்டுக்குள் கொண்டுவரலாம். வாரங்களும் ஆகலாம், ஒரு முழுக் கோடையும் ஆகலாம். இந்தக் காத்திருப்பில் செலவே இல்லை, பலரும் தவிர்ப்பது இதைத்தான்.

8. சுத்தம்

தண்ணீரைக் கொட்டிக் கழுவாதீர்கள். பழைய கட்டைகள் பலவற்றை ஒட்டியிருப்பது விலங்குப் பசை. வெந்நீர் பட்டால் அது இளகிவிடும்.

முதலில் உலோகத் தகட்டால் காய்ந்த கொழுப்பையும் அழுக்கையும் சுரண்டி எடுங்கள். கல்லுப்பைத் தூவி, பாதி எலுமிச்சையால் தேய்த்து, ஒட்டப் பிழிந்த துணியால் துடையுங்கள். பிறகு வாசனை சேர்க்காத பிளீச் ஒரு மேசைக்கரண்டியை ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் தண்ணீரில் கலந்து மேற்பரப்பில் தடவி, சில நிமிடம் விட்டு, துடைத்து உலரவிடுங்கள். எலுமிச்சைச் சாறு முழுதும் துடைக்கப்பட்ட பிறகே பிளீச். இரண்டும் கலந்தால் நச்சுவாயு வரும்.

தேய்ப்பு இயந்திரம் எடுப்பவர்கள் N95 முகமூடி அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்துத் தேய்க்க வேண்டும். 60ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 80, 120 என்று போங்கள். பள்ளத்தைச் சமமாக்கியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அதற்குச் சில அங்குல மரம் போகும், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியும் வெளிப்படலாம். அந்தப் பள்ளம்தான் கட்டையின் அழகு. காய்கறி நறுக்கச் சமதளம் வேண்டும் என்றால் ஓரத்தில் ஒரு பகுதியை மட்டும் தட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

மரத்தில் கிருமி தங்கும் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு தகவல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டீன் கிளைவர் நடத்திய ஆய்வுகளில், மரப்பலகைக்குள் இறங்கிய கிருமிகள் பெருகாமல் மடிந்ததைக் கண்டார்கள். அமெரிக்க உணவு விதித்தொகுப்பும் கடின மேப்பிளை வெட்டும் கட்டையாக அனுமதிக்கிறது. ஆனால் இது நல்ல நிலையில் உள்ள மரத்துக்கு. பச்சை இறைச்சியும் சமைக்காமல் உண்ணும் காய்கறியும் ஒரே இடத்தில் கூடாது. உணவுத்தொழில் செய்பவர்கள் உள்ளூர்ச் சுகாதாரத் துறையிடம் கேட்டுவிட்டே பயன்படுத்த வேண்டும்.

9. எண்ணெய்

நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். இரண்டும் மரத்துக்குள் காறிப்போகும். மருந்துக்கடையில் மலமிளக்கியாக விற்கும் மினரல் ஆயில்தான் இதற்கு ஏற்றது, விலையும் சில டாலர்தான். வன்பொருள் கடையில் ‘பாயில்டு’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயில் உலோக உப்புகள் சேர்த்திருக்கலாம், அதைத் தொடாதீர்கள். வார்னிஷும் பாலியூரித்தேனும் கத்தி பட்டால் உரிந்து உணவில் சேரும்.

முதல் வாரம் நாள்தோறும், அந்த மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் ஈரம் ஒருபக்கமாக ஏறி இறங்கிக் கட்டையை முறுக்கும். அடியிலும் பக்கங்களிலும் பூசுங்கள். தேன்மெழுகு கலந்த பூச்சை இறுதியில் ஒருமுறை தேய்த்தால் தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது.

விரிசலை அடைக்க அவசரப்படாதீர்கள். குளிர்காலத்தில் திறப்பது கோடையில் தானே மூடும். எபாக்ஸி ஊற்றி நிரப்பினால் மரம் விரியும்போது அடுத்த இடத்தில் வெடிக்கும். ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் பார்த்த பிறகு, மூடாமல் நிற்பதை மட்டும் மெழுகால் அடையுங்கள். ஹீட்டர் காற்று வரும் தரைத்துளைக்கு அருகில் கட்டையை வைக்காமல், குளிர்காலத்தில் வீட்டின் ஈரப்பதத்தை 35 முதல் 45 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் பாதிக் கவலை தீரும்.

10. ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு

இந்தியாவுக்குக் குடிபெயரும்போது கன்டெய்னரில் ஏற்றலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பேக்கிங் செய்யும் மரப்பெட்டியிலும் தட்டிலும் பூச்சி நீக்கப்பட்ட மரம் என்பதைக் காட்டும் சர்வதேசத் தர முத்திரையான ஐ.எஸ்.பி.எம். 15 இருக்க வேண்டும். முத்திரை இல்லாத மரத்தால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும். கட்டை மரப்பொருள் என்பதைப் பொருள்பட்டியலில் தெளிவாக எழுதி, பூச்சித் துளை இல்லை என்பதற்கான படங்களையும் வாங்கிய ரசீதையும் இணைத்துவிடுங்கள். குடிபெயர்ப்பு நிறுவனத்திடம் மரத்துக்கான தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். கட்டை சென்னைக்குப் போனதும் இதே ஓய்வைத் திரும்பவும் கொடுக்க வேண்டும். அங்கே ஈரம் ஏறி மரம் விரியும் என்பதால், இறுக்கிய கம்பிகளைப் புறப்படும் முன்பே சற்றுத் தளர்த்திவையுங்கள்.